இரத்தத்தில் உள்ள மருந்து யாருக்குச் சொந்தம்?



காடாம்புலியூர், பண்ருட்டி, நெய்வேலி பகுதிகளில் வாழும் நமக்கு முந்திரியைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கையைப் புண்ணாக்கும் எண்ணெய் படாமல் ஓட்டை உடைத்து, தோலை நீக்கி, பருப்பை முழுசாக எடுப்பது எவ்வளவு பாடு என்பது இங்குள்ள வீடுகளுக்குத் தெரியும். ஒருவர் முந்திரி உடைக்கப் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முறைக்கு அவர் உரிமை கேட்டால் அது நியாயம். ஆனால், "என் முறையில் கிடைக்கும் அளவுக்குச் சுத்தமான பருப்பை யார், எந்த வழியில் எடுத்தாலும் அதுவும் எனக்கே சொந்தம்" என்று அவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, மனித இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றி உண்மையாகவே எழுந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்காக நடந்தது. இரத்தம் உறையாத நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கான மருந்து அந்தப் புரதம்தான். எனவே இது எங்கோ நடந்த வழக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

இரத்தம் உறையாத நோய்

காயம் பட்டால் சிறிது நேரத்தில் இரத்தம் தானாக உறைந்துவிடுகிறது. இதற்குப் பின்னால் பல புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி வேலை செய்கின்றன. இவற்றைக் 'காரணிகள்' என்று அழைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். 8-ஆம் காரணி இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறப்பவர்களுக்கு வருவது ஹீமோஃபிலியா 'ஏ'. 9-ஆம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா 'பி'. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு ஹீமோஃபிலியா 'ஏ' இருக்கிறது. பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். எனவே இதற்காகத் தாயைக் குறை சொல்வது அறியாமை மட்டுமல்ல, பெரும் அநீதியும்கூட.

சிறு கீறல் பட்டாலே இரத்தம் முழுவதும் வடிந்து உயிர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த நோயின் கொடுமை வெளிக்காயத்தைவிட உள்ளே கசியும் இரத்தத்தில்தான் அதிகம். முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து வீங்குகிறது. திரும்பத் திரும்ப இப்படி நேரும்போது மூட்டு தேய்ந்து மடங்கிப் போகிறது. உரிய நேரத்தில் 8-ஆம் காரணியை ஊசி மூலம் செலுத்தினால் அந்தச் சிறுவன் பள்ளிக்கு நடந்து போவான். மருந்து கிடைக்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஊன்றுகோல் தேவைப்படலாம். மருந்து கிடைக்கிறதா, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதில் அந்தச் சிறுவனின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

பல இலட்சத்தில் ஒரு பங்கு

8-ஆம் காரணி நம் அனைவரின் இரத்தத்திலும் இருக்கிறது. ஆனால் மிக மிகக் குறைவாக இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஒரு லிட்டரில் சுமார் 70 கிராம் புரதங்கள் உள்ளன. அதில் 8-ஆம் காரணி ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு மட்டுமே. அதாவது பல இலட்சத்தில் ஒரு பங்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை மலைபோல் அகற்றவேண்டியிருக்கிறது. இந்தப் புரதத்தை எடுக்க அகற்றவேண்டிய 'மேல்மண்' அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம்.

1964-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் பூல் என்ற பெண் அறிவியலாளர் எளிய வழி ஒன்றைக் காட்டினார். உறையவைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருகவிட்டால் அடியில் ஒரு படிவு தங்குகிறது. 8-ஆம் காரணி அதில் செறிந்திருக்கிறது. 'கிரையோ' என்று இன்றும் நம் இரத்த வங்கிகளில் சொல்லப்படுவது இதுதான். வசதியுள்ள எந்த இரத்த வங்கியும் இதைத் தயாரிக்க முடிந்தது.

அதன் பிறகு, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தூளாக்கிய செறிவு மருந்துகள் வந்தன. வீட்டிலேயே போட்டுக்கொள்ள வசதியாக இருந்தன. ஆனால் ஆயிரம் பேரில் ஒருவருக்கு நோய்க்கிருமி இருந்தாலும் அது அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் இம்மருந்துகளின் வழியாக எச்.ஐ.வி. கிருமியும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் பரவின. அமெரிக்காவில் ஹீமோஃபிலியா நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார்கள். பிரிட்டனில் இது குறித்து நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளிவந்தது. எனவே 'தூய்மையான' 8-ஆம் காரணி என்பது அக்காலத்தில் உயிர் காக்கும் தேவையாக இருந்தது.

ஆன்டிபாடி என்னும் தூண்டில்

நம் உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் அதைப் பிடித்து ஒட்டிக்கொள்ள உடல் தயாரிக்கும் புரதமே ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல் ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனக்குரிய ஒன்றை மட்டுமே பிடிக்கும். 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், ஒரே வகை ஆன்டிபாடியை ஆய்வகத்தில் வேண்டிய அளவுக்குத் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். அந்த அடிப்படைக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. உலகமே அதைப் பயன்படுத்திக்கொண்டது. 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அறிவைப் பயன்படுத்தி, கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் தியோடர் சிம்மர்மேன், கேரல் ஃபுல்ச்சர் இருவரும் 8-ஆம் காரணியைப் பிரித்தெடுத்தார்கள். 8-ஆம் காரணி இரத்தத்தில் தனியாகச் சுற்றுவதில்லை. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெரிய புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை நுண்ணிய மணிகளில் ஒட்டவைத்து, அவற்றை ஒரு குழாயில் நிரப்பினார்கள். 8-ஆம் காரணி கலந்த கரைசலை அதன் வழியாக ஊற்றியபோது, பெரிய புரதம் ஆன்டிபாடியில் மாட்டிக்கொண்டது. அதோடு ஒட்டியிருந்த 8-ஆம் காரணியும் நின்றுவிட்டது. மற்றவை கழுவிக்கொண்டு போயின. பிறகு கால்சியம் உப்புக் கரைசலை ஊற்றியபோது 8-ஆம் காரணி மட்டும் கழன்று வந்தது. அதை மறுபடியும் செறிவாக்கினார்கள். முன்பு யாரும் கண்டிராத அளவுக்குத் தூய்மையான 8-ஆம் காரணி கிடைத்தது.

1982-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1985-இல் அது திருத்தி மறுபடியும் வழங்கப்பட்டது. இம்முறையில் தயாரான 'மோனோகிளேட்' என்ற மருந்து 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வழக்கு எதைப் பற்றியது?

ஸ்கிரிப்ஸ் பெற்ற காப்புரிமையில் மூன்று வகை உரிமைகள் கேட்கப்பட்டிருந்தன. முதலாவது, பிரித்தெடுக்கும் முறை. இரண்டாவது, அம்முறையால் தயாரான பொருள். மூன்றாவது, குறிப்பிட்ட செறிவுள்ள பொருள். ஒரு மில்லிலிட்டருக்கு 134 முதல் 1,172 யூனிட் வரை செறிவும், வான் வில்லிபிராண்ட் காரணியின் கலப்பு ஏறக்குறைய இல்லாமையும் கொண்ட மனித 8-ஆம் காரணி என்று ஒரு கோரிக்கை சொன்னது. ஒரு யூனிட் என்பது சராசரி மனிதரின் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் உள்ள அளவு. முறையைப் பற்றி அந்தக் கோரிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. நாம் மேலே சொன்ன 'சுத்தமான பருப்பு எல்லாம் எனக்கே' என்பது இதுதான்.

இதற்கிடையில் ஜெனன்டெக் நிறுவனம் வேறு வழியில் போனது. 8-ஆம் காரணிக்குரிய மரபணுவைக் கண்டறிந்து அதை உயிரணுக்களுக்குள் வைத்து, யாருடைய இரத்தமும் இல்லாமலே புரதத்தை வளர்க்கும் வழி அது. ஜெனன்டெக் குழுவும் ஜெனெடிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற மற்றொரு நிறுவனத்தின் குழுவும் 1984 நவம்பரில் ஒரே அறிவியல் இதழில் இதை வெளியிட்டன. மனித இரத்தம் தேவையில்லை என்றால் இரத்தத்தால் பரவும் நோய் என்ற அச்சமும் பெரிதும் குறையும் அல்லவா? ஆனால் ஸ்கிரிப்ஸ், "நீங்கள் எவ்வழியில் தயாரித்தாலும் இறுதியில் கிடைப்பது எங்கள் காப்புரிமையில் சொன்ன தூய்மையான 8-ஆம் காரணியே" என்று வழக்குத் தொடுத்தது.

1987-இல் கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றம், காப்புரிமையின் சொற்களின்படி ஜெனன்டெக் அத்துமீறியதாகவே சொன்னது. பின்னர் அதே நீதிமன்றம், அந்தக் காப்புரிமை செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. முன்பே வெளியான ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் இது சொல்லப்பட்டுவிட்டது என்பது ஒரு காரணம். ஆன்டிபாடி தயாரிக்கும் உயிரணுக்களைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கவில்லை, எனவே சிறந்த முறையை உலகுக்கு வெளிப்படுத்தவில்லை என்பது மற்றொன்று.

1991 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விரு காரணங்களையும் ஏற்கவில்லை. ஒரு முறையைச் சொல்லி உரிமை கோரப்பட்ட பொருள், அம்முறைக்குள் மட்டும் அடங்கிவிடாது என்றும் கூறியது. அதே வேளையில் ஜெனன்டெக்குக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. சொற்களின்படி ஒரு பொருள் காப்புரிமைக்குள் வந்தாலும், அதன் அடிப்படைத் தத்துவமே முற்றிலும் மாறியிருந்தால் அதை அத்துமீறல் என்று கொள்வது நியாயமல்ல என்பது ஒரு பழைய சட்டக் கோட்பாடு. மரபணுவால் வளர்த்த 8-ஆம் காரணி அப்படிப்பட்டதா என்று விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

18 ஆண்டுகளுக்குப் பின், 2009-இல், அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு வேறு ஒரு மருந்து வழக்கில் கருத்தை மாற்றிக்கொண்டது. ஒரு முறையைச் சொல்லிப் பொருளுக்கு உரிமை கேட்டவர், அந்த முறையில் தயாரானதற்கு மட்டுமே உரிமை கொண்டாடலாம் என்றது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்த காரணத்தாலேயே அது ஒருவரின் கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. எது தமது, எது பொது என்ற எல்லைக்கோடு கற்றறிந்த நீதிபதிகளுக்கே தெளிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நம் நாடு காட்டிய வழி

இந்தக் கேள்வியை நம் நாடு முன்பே சிந்தித்தது. தமிழரான நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையில், மருந்துகளைப் பொறுத்தவரை தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை தரலாம், பொருளுக்குத் தரவேண்டாம் என்று பரிந்துரைத்தார். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதை ஏற்றது. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிக்க இந்தியருக்கு வழி திறந்தது. நம் நாட்டில் மருந்துகள் மலிவாகக் கிடைத்ததற்கும், இந்திய மருந்துகள் ஏழை நாடுகளுக்குச் சென்றதற்கும் இது முக்கிய காரணம். முந்திரி உடைக்கும் முறை உனக்கு, பருப்பு எல்லாருக்கும் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005 முதல் இந்தியாவும் பொருளுக்கான காப்புரிமையை ஏற்கவேண்டியதாயிற்று. ஆயினும் சில வேலிகள் இருக்கின்றன. இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. பழைய மருந்தின் வடிவத்தை மாற்றுவதால் மட்டும் புதிய காப்புரிமை கிடைக்காது. இந்த இரண்டாவது விதியின் பேரில்தான் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் இரத்தப் புற்றுநோய்க்கான 'கிளிவெக்' மருந்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதி செய்தது. மக்களுக்கு எட்டாத விலையில் மருந்து விற்கப்பட்டால் வேறு நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு. 2012-இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அவ்வாறு உரிமம் தரப்பட்டபோது, மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,880 ரூபாயாகக் குறைந்தது.

காப்புரிமையே தீமை என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுக்குப் பெரும் பணமும் பல ஆண்டு உழைப்பும் வேண்டும். உழைத்தவருக்குப் பலன் கிடைக்கவேண்டும். ஆனால் உரிமைக்கு எல்லை வேண்டும். 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் சுற்றுமடலில், வளர்ந்த நாடுகள் அறிவுசார் உரிமையை, குறிப்பாக நலவாழ்வுத் துறையில், அளவுமீறிக் கடுமையாகப் பாதுகாப்பதைக் குறை கூறியிருக்கிறார். 8-ஆம் காரணியில் இதற்குத் தனிப் பொருளும் உண்டு. நம் நாட்டில் 1998 சனவரி முதல் பணத்துக்கு இரத்தம் விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. இங்கே மூலப்பொருள் ஒருவர் இன்னொருவருக்கு மனமுவந்து கொடுத்த கொடை. கொடையாக வந்ததைச் சுத்தம் செய்தவருக்குக் கூலி உண்டு. கொடையையே உரிமை கொண்டாட அவருக்கு முடியுமா?

ஓயாத சண்டை

ஸ்கிரிப்ஸ் காப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்டது. ஆனால் அதே கேள்வி புதிய உருவில் வந்தது. 8-ஆம் காரணி இல்லாமலே அதன் வேலையைச் செய்யும் 'எமிசிசுமாப்' என்ற ஆன்டிபாடி மருந்து 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு புரதத்தைப் பிடிக்கும் தூண்டிலாக இருந்த ஆன்டிபாடி இப்போது மருந்தாகவே மாறியது. கடும் ஹீமோஃபிலியா 'ஏ' உள்ளவர்களில் ஏறக்குறைய கால்பங்கினருக்கு, செலுத்தப்படும் 8-ஆம் காரணியையே அந்நியப் பொருளாகக் கருதி உடல் எதிர்த்துவிடுகிறது. அவர்களுக்கும் இம்மருந்து உதவுகிறது. ஊசியும் தோலுக்கடியில் போட்டால் போதும்.

பேக்ஸால்டா என்ற நிறுவனம், இவ்வகையில் செயல்படும் ஆன்டிபாடிகள் அனைத்தும் தன் காப்புரிமைக்குள் வரும் என்று ஜெனன்டெக்மீது 2017-இல் வழக்குத் தொடுத்தது. அதன் காப்புரிமையில் அமைப்போடு விவரிக்கப்பட்டவை 11 ஆன்டிபாடிகள் மட்டுமே. பதினொன்றைக் காட்டிவிட்டு எண்ணிலடங்காதவற்றுக்கு உரிமை கேட்க முடியாது என்று 2023 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. உலகுக்கு எவ்வளவு கற்றுக் கொடுத்தாயோ அவ்வளவுக்கே உரிமை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

நம் மாநிலத்திலிருந்தும் நம்பிக்கைச் செய்தி ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கடும் ஹீமோஃபிலியா 'ஏ' உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தார்கள். அவர்களுடைய இரத்த மூல அணுக்களையே எடுத்து, 8-ஆம் காரணியைத் தயாரிக்கும் மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இது பரவலாகக் கிடைக்க இன்னும் பல ஆய்வுகள் வேண்டும். அது வரும் நாளில் யாருக்கு எட்டும் விலையில் வரும் என்பதே நாம் இப்போதே கேட்கவேண்டிய கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

நீதிமன்றங்களில் நடப்பது நம் கையில் இல்லை. ஆனால் நம் தெருவில் நடப்பது நம் கையில் இருக்கிறது. தவழும் குழந்தைக்குக் காரணமின்றி நீலத் தழும்புகள் வந்தாலோ, மூட்டு திடீரென்று வீங்கினாலோ, பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கவேண்டும். இந்நோய் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்கவேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் காரணி மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் பெற அக்குடும்பங்களுக்கு நாம் உதவலாம்.

இரத்த தானம் செய்வோம். நாம் கொடுக்கும் ஒரு புட்டி இரத்தத்திலிருந்து சிவப்பணு ஒருவருக்கும், பிளாஸ்மாவோ கிரையோவோ மற்றொருவருக்கும் போய்ச் சேருகிறது. நம் பங்கு இளைஞர் குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை என்று இருக்கும் முகாமை இரண்டு முறையாக ஆக்கலாம். அன்று கையை நீட்டிப் படுத்திருக்கும் ஒவ்வொருவரின் இரத்தத்திலும் அந்தப் 'பல இலட்சத்தில் ஒரு பங்கு' இருக்கிறது. அதை நமக்குள் வைத்தவருக்கு நாம் காப்புரிமைக் கட்டணம் எதுவும் கட்டியதில்லை. இலவசமாகப் பெற்றதை இல்லாதவனுக்கு இலவசமாகக் கொடுப்போம்.